மாரியில் வந்து அளந்து பாருங்கள்

மட்டக்களப்பு நகரத்தின் காணிகளையும் கட்டடங்களையும் பற்றி முடிவெடுக்கும் திட்டமிடல் குழுவினருக்கு,

வணக்கம். பதினெட்டு வருடம் ஒரு நில அளவையாளருக்குச் சங்கிலி பிடித்தவன் நான். ஐயா கருவிக்குப் பின்னால் நிற்பார், நான் கோலைத் தூக்கிக்கொண்டு பற்றைக்குள் இறங்குவேன். ஊர்க் காணிகளை உறுதியில் படித்ததைவிடக் காலால் மிதித்ததுதான் அதிகம். அந்தத் துணிவில் எழுதுகிறேன்.

எங்களுக்கு அளவை வேலை குவிவது கச்சான் காற்றுக் காலத்தில். ஆனி, ஆடி, ஆவணி என்றால் தரை காய்ந்திருக்கும், பற்றை வெட்ட லேசு, மோட்டார் சைக்கிள் காணிக்குள்ளேயே போகும். மாரி தொடங்கினால் கருவி பெட்டிக்குள் போய்விடும். இதனால் எங்கள் பிளான்களில் ஊர் எப்போதும் காய்ந்தே கிடக்கும். மார்கழியில் முழங்கால் தண்ணீர் நிற்கிற பள்ளம், பிளானில் ஒரு வெள்ளைத் துண்டு. மேசையில் விரித்துப் பார்க்கிறவருக்கு அது சும்மா கிடக்கிற காணி. நிலப் பயன்பாட்டு வரைபடத்துக்கு நிறம் தீட்டும்போது ‘குடியிருப்பு’ என்று முதலில் நிறம் விழுவதும் அந்தத் துண்டில்தான். இதில் எங்கள் கையும் இருக்கிறது, மறுக்கவில்லை.

எங்கள் ஒழுங்கை முடிவில் ஒரு சின்ன மதகு இருக்கிறது. முன்பு ஒழுங்கைத் தண்ணீர் அதன் வழியாகப் பக்கத்துப் பள்ளத்தில் இறங்கி, புல்லுக்குள் இரண்டு நாள் கிடந்து, மெதுவாக மட்டக்களப்பு வாவிக்குப் போகும். பள்ளம் விலைப்பட்டது. ஒரு கிழமை டிப்பர் டிப்பராகக் கிரவல் வந்தது. பிறகு மதில் எழும்பியது. இப்போது மதகின் வாய்க்கு முன்னால் ஒரு முழத்தில் சீமெந்துச் சுவர். காணியை வாங்கியவர் அனுமதி எடுத்துத்தான் கட்டினார், காகிதத்தைக் காட்டினார், அவரோடு எனக்குச் சண்டை இல்லை. அடுத்த மாரியில் எங்கள் குசினிக்குள் தண்ணீர் வந்தது. மனைவி அரிசி மூடையை மேசையில் ஏற்றினார். வெறும் காஸ் சிலிண்டர் மிதந்து போய்க் கதவில் முட்டிக்கொண்டு நின்றது. தண்ணீர் வற்றிய பிறகு சுவரில் இருந்த கறையைப் பழைய பழக்கத்தில் நாடாவால் அளந்தேன்: 14 அங்குலம்.

ஒரு மதகுக்கு இவ்வளவு கதையா என்று கேட்பீர்கள். வாவி 56 கிலோமீற்றர் நீளம். வாவிக்கு மேற்கே படுவான்கரைப் பக்கம் உன்னிச்சைக் குளமும் நவகிரிக் குளமும் நிரம்பி வான் பாய்ந்தால் அந்தத் தண்ணீரும் இதற்குள்தான் வரும். பாலமீன்மடுப் பக்கம், வாவி கடலோடு சேரும் முகத்துவாரத்தை மண் மூடியிருந்தால் வெளியேற வழியில்லை. முகத்துவாரத்தை வெட்டு என்பார் வயல்காரர், பொறு என்பார் இறால் பிடிக்கிறவர். அந்தப் பேச்சு முடியும்வரை தண்ணீர் எங்கேயாவது காத்திருக்க வேண்டுமே? அது காத்திருந்த இடங்கள்தான் இந்தப் பள்ளங்களும் தோணா என்கிற நீரோடைகளும் கண்டல் கரைகளும். 2011 ஜனவரியில் ஊர் எப்படிக் கிடந்தது என்பது உங்களுக்கும் நினைவிருக்கும். அதற்குப் பிறகு எத்தனை பள்ளம் மேடாகியிருக்கிறது என்று எண்ணிப் பாருங்கள்.

சனங்கள் ஏன் பள்ளத்துக்குப் போகிறார்கள் என்றும் சொல்ல வேண்டும். வாவிக்குக் கிழக்கே நாங்கள் இருக்கிற எழுவான்கரை ஒரு ஒடுக்கமான கீலம், ஒரு பக்கம் கடல், மறு பக்கம் வாவி. அதற்குள் நம் வழக்கம் வேறு: பெண்பிள்ளைக்கு வீடும் காணியும் கொடுத்துத்தான் கலியாணம். என் மாமியாரிடம் 40 பேர்ச், அதாவது கால் ஏக்கர், வளவு இருந்தது, பெண்பிள்ளைகள் நான்கு. ஆளுக்குப் பத்துப் பேர்ச். இப்போது எங்கள் கிணற்றடியில் நின்று மைத்துனியின் மலசலகூடக் குழிக்குப் பன்னிரண்டு எட்டு வைத்தால் போதும். மணல் தரை, மாரியில் கையெட்டும் ஆழத்தில் தண்ணீர். அந்தக் கிணற்றுத் தண்ணீரை நாங்கள் குடிப்பதை விட்டு வருடக்கணக்காகிறது. எங்கள் மகளுக்கு இந்தப் பத்துப் பேர்ச்சை இனிப் பிரிக்க முடியாது. மலிவாகக் கிடைப்பது பள்ளக்காணிதான். விலை பேச நானும் ஒருமுறை போய் வந்தவன். ஆகவே ‘நிரப்பக் கூடாது’ என்று பலகை நட்டால் மட்டும் காரியம் ஆகாது. மேட்டில் எங்கே குடியேற்றலாம், மாடி வீட்டுக்கு எங்கே இடம் விடலாம், ஒரு வளவில் மூன்று குடும்பத்துக்குப் பொதுக் குழி எப்படி அமைக்கலாம் என்று சீதன வழக்கத்தையும் கணக்கில் எடுத்து வரைந்த ஒரு திட்டத்தை நான் இன்னும் பார்க்கவில்லை.

வயல் நிலத்தை நிரப்ப 2000ஆம் ஆண்டின் கமநல அபிவிருத்திச் சட்டப்படி அனுமதி வேண்டும். சரி. ஆனால் தந்திரம் ஊருக்கே தெரியும்: இரண்டு மூன்று போகம் விதைக்காமல் விடுவது, பற்றை வளர்ந்ததும் பாழ்நிலம் என்பது, றோட்டோரமாக ஒரு கடைக்கு மட்டும் மண் போடுவது. பிறகு அந்தக் கடைக்குப் பின்னால் ஒன்று. வட்டைக்குள், அதாவது வயல்வெளிக்குள், தண்ணீர் போன வாய்க்கால் எப்போது மறைந்தது என்று யாரும் திகதி சொல்ல முடியாது.

பெயர்களையாவது கேளுங்கள். பாலமீன்மடு, நாவற்குடா, புளியந்தீவு. தண்ணீரை வைத்துத்தான் நம் ஆட்கள் இடத்துக்குப் பெயர் வைத்தார்கள். 2004இல் கடல் அடித்த பிறகு நாவலடிச் சனங்களுக்கு வீடு கட்டிக் கொடுத்த இடம் திராய்மடு. கடலுக்குப் பயந்து போனவர்களின் புது விலாசத்திலும் ஒரு மடு இருக்கிறது பாருங்கள்.

நான் கேட்பது பெரிய காசுக்கான வேலை இல்லை. அடுத்த வரைபடத்தை இறுதி செய்யும் முன் ஒரு மாரியை விட்டுப் பிடியுங்கள். கிராம உத்தியோகத்தர் பிரிவு ஒவ்வொன்றிலும் வயதான நாலு பேரைக் கூட்டி, தண்ணீர் எங்கே ஏறுகிறது, எத்தனை நாள் நிற்கிறது, எந்த மதகால் இறங்குகிறது என்று கேட்டு வரைபடத்தில் நீலத்தில் குறியுங்கள். அந்த நீலத்தின் மேல் வருகிற விண்ணப்பம் எதுவானாலும், தண்ணீருக்கு மாற்று வழி காட்டாமல் ஒப்பம் வைக்காதீர்கள். கருத்துக் கேட்கும் கூட்டத்தைக் காலை பத்து மணிக்கு வைக்கவேண்டாம். வலைக்குப் போகிறவரும் மேசன் வேலைக்குப் போகிறவரும் அப்போது வரமாட்டார்கள். நிலைபேறான அபிவிருத்தி என்று முகப்பில் போட்டால் போதாது, எங்கள் ஒழுங்கையின் பெயரையும் உள்ளே தமிழில் போடுங்கள், நாங்களே பிழை திருத்தித் தருவோம்.

மார்கழியில் இரண்டு நாள் விடாமல் பெய்த மறுநாள் காலை ஆறு மணிக்கு வாருங்கள். சப்பாத்து வேண்டாம், சாரத்தை மடித்துக் கட்டிக்கொண்டு வந்தால் நல்லது. நாடா என்னிடம் இருக்கிறது. மதகடியில் தொடங்கி வாவிக்கரை வரை நடப்போம், நீங்கள் வாசிக்கிற அளவை நான் எழுதிக்கொள்கிறேன்.

இப்படிக்கு,
எழுவான்கரையில் சங்கிலி பிடித்த ஒருவன்