எங்கள் சாட்சியத்துக்குப் பின்னால் நிற்பவர்களுக்கு

அன்புள்ள நண்பர்களே, வணக்கம்.

சட்டமன்றக் குழுவின் முன்போ நீதிமன்றத்திலோ ஒரு மருத்துவர் எழுந்து பேசும்போது எல்லோரும் அவர் முகத்தைத்தான் பார்க்கிறார்கள். அவர் சொல்லும் எண் எங்கிருந்து வந்தது என்று யாரும் கேட்பதில்லை. எண்ணில் பிசகு இருந்தால் மட்டும் உடனே கேட்பார்கள். அந்தக் கேள்விக்குத் தலைநிமிர்ந்து பதில் சொல்ல வைப்பவர்கள் நீங்கள். மக்கள் நலனுக்காக ஆட்சியாளர்களிடம் வாதாடும் மருத்துவர்கள் நாங்கள் சேர்ந்து எழுதும் நன்றி மடல் இது.

முதல் நன்றி மருத்துவமனைப் பதிவேட்டுப் பிரிவில் வேலை செய்பவர்களுக்கு. இறப்புச் சான்றிதழில் ‘இதயம் நின்றுவிட்டது’ என்று எழுதிக் கையெழுத்துப் போட்டுவிட்டு அடுத்த நோயாளியிடம் ஓடும் பழக்கம் எங்கள் தொழிலில் உலகம் முழுக்க உண்டு. யார் இறந்தாலும் இதயம் நிற்கத்தான் செய்யும். அது காரணம் ஆகாது. உலக சுகாதார நிறுவனத்தின் படிவத்தில் முதல் பகுதியை மேலிருந்து கீழாக நிரப்ப வேண்டும். மேல் வரியில் உடனடிக் காரணம், அதன் கீழே அதை உண்டாக்கியது, கடைசி வரியில் எல்லாவற்றையும் தொடங்கி வைத்த நோய். நாட்டின் இறப்புக் கணக்கில் ஏறுவது பெரும்பாலும் அந்தக் கடைசி வரிதான். அதைக் காலியாக விட்டால் அந்த மரணம் எந்தக் கொள்கையையும் தொடாமல் போய்விடும்.

கல் அறுக்கும் பட்டறையில் உழைத்தவர் ஒருவர் காசநோயில் இறக்கிறார் என்று வையுங்கள். படிவத்தில் ‘மூச்சுச் செயலிழப்பு’ என்றும், தொழில் என்ற இடத்தில் ‘கூலி’ என்றும் இருந்தால் நுரையீரலைக் கெடுத்துக் காசநோய்க்கு வழிவிட்ட சிலிக்கா எனும் கல்தூசி அந்தத் தாளிலிருந்தே காணாமல் போகிறது. அந்தத் தூசி நுரையீரலைத் தழும்பாக்கும் சிலிக்கோசிஸ் நோய் பெரும்பாலும் தூசியில் பத்து ஆண்டுகளுக்கு மேல் உழைத்த பிறகே வெளிப்படுகிறது. அதனால் இப்போது என்ன வேலை என்று கேட்டால் போதாது. முன்பு என்னென்ன வேலை, எத்தனை வருடம், கல்லை நனைத்து அறுத்தார்களா, நனைக்காமலே அறுத்தார்களா என்று கேட்க வேண்டும். இதையெல்லாம் எழுதாத படிவத்தை ‘டாக்டர், இது முழுசா இல்லை’ என்று திருப்பி அனுப்புகிறீர்களே, உங்களுக்கு எங்கள் வணக்கம். அறுக்கும்போது தண்ணீர் பாய்ச்ச வேண்டும், தூசி உறிஞ்சும் கருவி வைக்க வேண்டும் என்று முதலாளியிடமும் அரசிடமும் கேட்க எங்கள் கையில் இருக்கும் ஒரே ஆயுதம் அந்த முழுப் படிவம்.

1854இல் லண்டன் பிராட் தெருவில் காலரா பரவியபோது மருத்துவர் ஜான் ஸ்னோ, நோயைப் பரப்புவதாக அவர் கண்ட அடிகுழாயின் கைப்பிடியைக் கழற்ற வைத்தார் என்று எல்லோரும் படித்திருக்கிறோம். அவருக்கு இறந்தவர்களின் பட்டியல் கிடைத்தது பொதுப் பதிவு அலுவலகத்திலிருந்து. அங்கே புள்ளிவிவரப் பொறுப்பில் இருந்தவர் வில்லியம் ஃபார். ஸ்னோவின் முடிவை நம்பாமல் அதைத் தவறென்று காட்டக் கிளம்பியவர் அந்தப் பகுதிப் பாதிரியார் ஹென்றி வைட்ஹெட். வீடு வீடாக விசாரித்துப் போனவர் கடைசியில் ஸ்னோவின் பக்கமே வந்து சேர்ந்தார். கிணற்றுக்கு அருகே இருந்த வீட்டில் நோயுற்ற குழந்தையின் துணியை அலசிய நீர் கழிவுக் குழிக்குள் போனதைக் கண்டுபிடித்தவரும் அவரே. பக்கத்திலேயே இருந்த ஏழைகள் விடுதியில் 535 பேரில் இறந்தவர்கள் ஐந்து பேர்தான், ஏனென்றால் அங்கே தனிக் கிணறு இருந்தது. செத்தவர்களை எண்ணுவதோடு நில்லாமல், பிழைத்தவர்கள் ஏன் பிழைத்தார்கள் என்றும் கேட்டுவரும் களப்பணியாளர்களே, நீங்கள் வைட்ஹெட்டின் வாரிசுகள்.

அடுத்து, பிள்ளைகளின் ரத்த மாதிரியை எங்களிடம் நம்பிக் கொடுத்த தாய்மாருக்கும், அதை எடுத்த செவிலியருக்கும், ஆய்வகத்தில் அளந்தவர்களுக்கும். ஈய நச்சைப் பற்றிப் பேசும்போது எதிர்த்தரப்பு முதலில் பிடிப்பது மாதிரியின் தரத்தை. விரலில் ஒட்டிய தூசியில் ஈயம் இருந்தாலே கணக்கு ஏறிவிடும். அதனால்தான் குழந்தையின் கையைச் சோப்புப் போட்டுக் கழுவி, அதன்பின் எதையும் தொடவிடாமல் பிடித்து, குத்தியதும் வரும் முதல் துளியைத் துடைத்துவிட்டு அடுத்த துளியை எடுக்கிறீர்கள். அளவு கூடுதலாக வந்தால் கையின் ரத்தக் குழாயிலிருந்து (சிரை) ரத்தம் எடுத்து மறுபடி உறுதிசெய்கிறீர்கள். அழுகிற குழந்தையை மடியில் வைத்துக்கொண்டு இத்தனையையும் பொறுமையாகச் செய்வது லேசான காரியமா?

உலக சுகாதார நிறுவனம் 2021இல் வெளியிட்ட வழிகாட்டலின்படி ரத்தத்தில் ஒரு டெசிலிட்டருக்கு (100 மில்லிலிட்டர்) 5 மைக்ரோகிராம் என்ற அளவைத் தொட்டாலே ஈயம் எங்கிருந்து வருகிறது என்று தேட வேண்டும். குழந்தைகளுக்கு ஈயத்தை வெளியேற்றும் மருந்தைப் பரிந்துரைப்பது 45ஐத் தொட்ட பிறகுதான். நடுவில் நிற்கும் குழந்தைக்கு எங்கள் மருந்துச் சீட்டால் பெரிய பயன் இல்லை. பெயின்ட்டையும் குழாயையும் பழைய பேட்டரி உருக்கும் கொட்டகையையும் சரிசெய்வதுதான் வைத்தியம். அதற்கான உத்தரவு அரசிடமிருந்துதான் வர வேண்டும். மருத்துவருக்கு அரசியல் எதற்கு என்று கேட்பவர்களுக்கு நாங்கள் காட்டுவது இந்த இடைவெளியைத்தான்.

வரைபடம் போட்டுத் தருபவர்களுக்குத் தனி நன்றி. அமெரிக்காவின் ஃபிளின்ட் நகரில் 2014 ஏப்ரலில் குடிநீரை ஆற்றுக்கு மாற்றினார்கள். குழாய் அரிக்காமல் தடுக்கும் வேதிப்பொருளைச் சேர்க்கவில்லை. பழைய குழாய்களிலிருந்து ஈயம் நீரில் கரைந்தது. குழந்தை மருத்துவர் மோனா ஹன்னா-அட்டிஷா 2015 செப்டம்பரில் ரத்தப் பரிசோதனைக் கணக்கோடு வெளியே வந்தபோது அரசுத் தரப்பு முதலில் மறுத்தது. அஞ்சல் குறியீட்டை வைத்துப் பார்த்தால் உயர்வு மங்கலாகத்தான் தெரியும். அந்தக் குறியீடுகள் நகர எல்லையோடு பொருந்தவில்லை, நகரக் குடிநீரே வராத வீடுகளும் அதற்குள் கலந்திருந்தன. புவியியலாளர் ரிச்சர்ட் சாட்லர் முகவரிகளை ஒவ்வொன்றாக வரைபடத்தில் பொருத்திப் பிரித்ததும் படம் தெளிந்தது. ஐந்து வயதுக்குட்பட்டோரில் ஈயம் மிகுந்தவர்கள் 2.4 சதவீதத்திலிருந்து 4.9 சதவீதமாகியிருந்தார்கள். 2013இலும் 2015இலும் ஜனவரி முதல் செப்டம்பர் பாதி வரையிலான அதே காலத்தைத்தான் ஒப்பிட்டார்கள். ரத்த ஈயம் வெயில் காலத்தில் தானாகவே ஏறும் என்பதால், மாதங்களை மாற்றி ஒப்பிட்டிருந்தால் மொத்த வாதமும் அங்கேயே விழுந்திருக்கும். அந்த அக்டோபரிலேயே குடிநீர் பழைய இணைப்புக்குத் திரும்பியது.

இதே வரைபடம் ஆபத்தாகவும் முடியலாம். ஒரு தெருவில் ஒரே ஒரு புள்ளி என்றால் அது எந்த வீடு என்று ஊருக்கே தெரிந்துவிடும். ஐந்துக்குக் குறைந்த எண்ணிக்கையைப் பொது அறிக்கையில் காட்டாதீர்கள் என்று எங்கள் அவசரத்துக்குக் கடிவாளம் போடுகிறீர்கள். போட்டுக்கொண்டே இருங்கள்.

காவலில் அடிபட்டவர்களைப் பரிசோதிக்கும்போது எங்களோடு நிற்கும் மொழிபெயர்ப்பாளர்களுக்கும் வழக்கறிஞர்களுக்கும் என்ன சொல்லி நன்றி தெரிவிப்பது! சித்திரவதையை எப்படிப் பரிசோதித்துப் பதிவு செய்வது என்று சொல்லும் ஐ.நா. வழிகாட்டியான 1999இன் இஸ்தான்புல் நெறிமுறையில் என்ன செய்ய வேண்டும் என்று தெளிவாக இருக்கிறது. ஆனால் அந்த அறைக்குள் அதை நடத்திக் காட்டுவது உங்கள் துணிச்சல். காவலர் பரிசோதனை அறைக்குள் இருக்கக்கூடாது; பாதுகாப்புக்காகத் தவிர்க்க முடியாவிட்டாலும் காதுக்கு எட்டாத தூரத்தில்தான் நிற்க வேண்டும். கைவிலங்கைக் கழற்ற வேண்டும். உறவினரையோ காவல்துறை ஆளையோ மொழிபெயர்க்க விடக்கூடாது. ஒவ்வொரு காயத்தையும் உடல் வரைபடத்தில் குறித்து, அளவுகோலை வைத்து, முதலில் தூரத்திலிருந்தும் பிறகு கிட்டத்திலிருந்தும் படம் எடுக்க வேண்டும். ஆழத்தில் கன்றிய இடம் சில நாள் கழித்தே தோலில் தெரியும் என்பதால் இரண்டாவது பரிசோதனைக்கும் வழக்கறிஞர் விடாமல் மனுப் போடுகிறார். கன்றலின் நிறத்தை மட்டும் பார்த்து எத்தனை நாள் ஆனது என்று நாங்கள் அடித்துச் சொல்ல முடியாது. சொன்னால் குறுக்கு விசாரணையில் தகர்ந்துவிடும். ‘பொருந்தவில்லை’ என்பதில் தொடங்கி ‘பொருந்துகிறது’, ‘மிகவும் பொருந்துகிறது’ என்று படிப்படியாக ஏறும் ஐந்து நிலைகளில் எது என்று எழுதுவதோடு நிறுத்த வேண்டும். தழும்பு இல்லாததால் சித்திரவதை நடக்கவில்லை என்று எழுத எங்களில் யாருக்கும் உரிமை கிடையாது.

பத்துப் பக்க அறிக்கையை ஒரு பக்கமாக வெட்டித் தந்த சட்டமன்ற அலுவலக உதவியாளர்களே, நன்றி. எந்தச் சட்டத்தின் எந்தப் பிரிவில் எந்த வரி மாற வேண்டும் என்று கேட்டுக் கேட்டு எங்கள் புலம்பலைக் கோரிக்கையாக மாற்றியது நீங்கள். ‘தொடர்பு இருக்கிறது’ என்று நாங்கள் சொன்னதை ‘காரணம்’ என்று தலைப்பில் போடாத பத்திரிகையாளர்களுக்கும் நன்றி.

எங்கள் கருத்தோடு உடன்படாத நோயாளிகளுக்கும் கடன்பட்டிருக்கிறோம். கட்சிச் சின்னத்தைச் சட்டையில் குத்திக்கொண்டு நோயாளி முன் உட்காரக்கூடாது என்பது எங்கள் உறுதியான நிலைப்பாடு. இவருக்கு ஓட்டுப் போட்டால்தான் நல்ல வைத்தியம் கிடைக்குமோ என்ற சந்தேகம் எந்த நோயாளிக்கும் வரக்கூடாது. அறைக்கு வெளியே நாங்கள் என்ன பேசினாலும், அறைக்குள் எங்களை நம்பி வருகிறீர்கள். அந்த நம்பிக்கைக்கு நன்றி.

நாங்கள் விசாரணைக்குப் போன நாட்களில் வார்டைப் பார்த்துக்கொண்ட சக மருத்துவர்களையும் செவிலியரையும் மறக்கவில்லை. பேசியதற்காக இடமாற்றமோ விளக்கக் கடிதமோ வாங்கியவர்களுக்கு வேலையும் இடமும் கொடுத்தவர்களையும் மறக்கவில்லை. 1848இல் பிரஷ்ய அரசின் மேல் சிலேசியா பகுதியில் பரவிய, பேன் பரப்பும் டைபஸ் காய்ச்சலை ஆராயப் போன ஜெர்மன் மருத்துவர் ருடால்ஃப் விர்ச்சோ, கல்வியும் தன்னாட்சியும் நியாயமான வரியும் வேண்டும் என்று அறிக்கை எழுதினார். அரசியல் ஈடுபாட்டுக்காக மறு ஆண்டு பெர்லினில் அவர் பதவிக்கு ஆபத்து வந்தபோது வூர்ட்ஸ்பர்க் பல்கலைக்கழகம் பேராசிரியர் பதவி தந்து அழைத்துக்கொண்டது. பின்னாளில் அவர் பெர்லின் நகர மன்றத்தில் அமர்ந்து கழிவுநீர்க் கால்வாய்க்காக உழைத்தார். இடம் கொடுப்பவர்கள் இல்லையென்றால் அடுத்த முறை உண்மை பேச ஒருவரும் வரமாட்டார்கள்.

இனி வரும் அறிக்கைகளில் மாதிரி எடுத்தவர், பதிவு செய்தவர், வரைபடம் போட்டவர் ஆகியோரின் பெயர்களை அவரவர் சம்மதத்தோடு முதல் பக்கத்திலேயே அச்சிடுவோம். யாரிடம் நிதி பெற்றோம் என்பதும் அதே பக்கத்தில் இருக்கும்.

நன்றியுடன்,
மக்கள் நலனுக்காகப் பேசும் மருத்துவர்கள்