அத்தோ வண்டிகளை அங்கேயே இருக்க விடுங்கள்

பெருநகர சென்னை மாநகராட்சியின் நகர விற்பனைக் குழு உறுப்பினர்களுக்கு,

வணக்கம். பர்மா பஜாரையும் இரண்டாவது கடற்கரைச் சாலையையும் ஒட்டி நிற்கும் அத்தோ கடைகளுக்காக இதை எழுதுகிறேன். அத்தோ என்பது பர்மாவிலிருந்து திரும்பி வந்த தமிழர்கள் கொண்டுவந்த நூடுல்ஸ் உணவு. பாரிமுனைப் பக்கம் சாலையை அகலப்படுத்த வேண்டும், அழகுபடுத்த வேண்டும் என்று பேச்சு எழும்போதெல்லாம் தள்ளுவண்டிக்காரர்கள் வயிற்றில் புளி கரைகிறது. அந்தப் பயம் இவர்களுக்கு இனி இருக்கக் கூடாது.

1962இல் பர்மாவில் ஜெனரல் நே வின் ஆட்சியைப் பிடித்தார். அடுத்த ஓரிரு ஆண்டுகளில் வங்கி, கடை, வியாபாரம் எல்லாம் அரசுடைமை ஆயின. தலைமுறை தலைமுறையாக ரங்கூனில் பிழைத்த நம் மக்கள், சேர்த்த சொத்தை விட்டுவிட்டுக் கப்பலேறினார்கள். அவர்களில் பலர் அங்கேயே பிறந்தவர்கள். பேசியது தமிழ்தான், ஆனாலும் சென்னை அவர்களுக்குப் புது ஊர். வியாசர்பாடியிலும் சுற்றுவட்டாரத்திலும் குடியேறினார்கள். பிழைப்புக்கு வழியாக 1969இல் பர்மா பஜார் வந்தது. நகையையும் பணத்தையும் பறிகொடுத்தவர்களிடம் கைப்பக்குவம் மட்டும் பத்திரமாக இருந்தது.

சாயங்காலம் ஒரு வண்டி முன்னால் நின்று பாருங்கள். ஆரஞ்சு நிற நூடுல்ஸை ஒரு பிடி அள்ளிக் கிண்ணத்தில் போடுவார்கள். பொடியாக நறுக்கிய கோஸ், பொரித்த வெங்காயம், பூண்டு எண்ணெய், புளித்தண்ணீர், மிளகாய்த்தூள், நொறுக்கிய பேஜோ (தட்டை மாதிரி மொறுமொறுப்பானது) என்று வரிசையாக விழும். கையாலேயே பிசைந்து தட்டில் தட்டி, பக்கத்தில் வாழைத்தண்டு சூப் வைப்பார்கள். பர்மாவின் மொஹிங்கா என்ற நூடுல்ஸ் சூப்பிலிருந்து வந்தது இது. அங்கே அதை வழக்கமாக மீன் போட்டுத்தான் செய்வார்கள். இங்கே பல வண்டிகளில் மீன் போய்விட்டது, தண்டு தங்கிவிட்டது. மீன் வாசனையே ஆகாதவர்களும் இரண்டாவது கிண்ணம் கேட்டு வாங்கிக் குடிக்கிறார்கள். வந்தவர்கள் ஊருக்கு ஏற்றபடி சமையலை மாற்றினார்கள், ஊரும் அவர்களுக்கு ஏற்றபடி நாக்கை மாற்றிக்கொண்டது. மூட்டை தூக்குபவரும் கப்பல் கம்பெனி குமாஸ்தாவும் கல்லூரிப் பிள்ளைகளும் ஒரே பெஞ்சில் உட்கார்ந்து சாப்பிடும் உணவு இது.

சௌகார்பேட்டைக் கச்சோரியும் இப்படி வந்தவர்கள் கொடுத்ததுதான். கடல் கடந்து போன நம்மவர்களும் இதையேதான் செய்தார்கள். சிங்கப்பூரின் உணவங்காடிப் பண்பாடு 2020இல் யுனெஸ்கோ பட்டியலில் இடம்பிடித்தது. அந்த அங்காடிகளில் மணக்கும் ரொட்டி பிராட்டா நம் ஆட்கள் கொண்டுபோனது. அங்கே கிடைத்த மரியாதையைக் கேட்டுப் பெருமைப்படும் நாம், இங்கே வந்தவர்களுக்கு என்ன கொடுத்தோம்?

உங்களிடம் சட்டமே இருக்கிறது. ஐம்பது ஆண்டுகளுக்கு மேல் வியாபாரம் நடக்கும் இயற்கைச் சந்தைகளை, அதாவது விற்பவர்களும் வாங்குபவர்களும் வழிவழியாகக் கூடும் இடங்களை, பாரம்பரியச் சந்தையாக அறிவிக்க வேண்டும், அங்குள்ள வியாபாரிகளை இடம் மாற்றக் கூடாது என்று 2014ஆம் ஆண்டின் சாலையோர வியாபாரிகள் சட்டம் சொல்கிறது. பர்மா பஜார் அந்த ஐம்பதை எப்போதோ தாண்டிவிட்டது. பஜாரையும் அதை நம்பி நிற்கும் அத்தோ வண்டிகளையும் ஒரே சந்தையாகக் கருதிப் பரிந்துரை செய்யுங்கள். குழுவில் குறைந்தது 40 சதவீதம் வியாபாரிகளின் பிரதிநிதிகள் இருக்க வேண்டும் என்பதும் அதே சட்டம்தான். அந்த நாற்காலிகளில் ஒன்றில் அத்தோ போடும் ஒரு அக்கா உட்காரட்டும்.

சுத்தம் பற்றிய புகார் வரும். சரி, நியாயமான புகார்தான். அதற்கு வண்டியைத் தூக்குவது தீர்வாகாது. குடிநீர்க் குழாய், கழிவுநீர் போக ஒரு வழி, குப்பைத்தொட்டி, விளக்கு, இவ்வளவும் கொடுத்துவிட்டு அப்புறம் கண்டிப்பாகச் சோதனை செய்யுங்கள்.

கணக்கெடுப்புக்கு வருபவர்களைச் சாயங்காலம் அனுப்பி வையுங்கள். பல வண்டிகள் அப்போதுதான் வருகின்றன. காலையில் வந்து பார்த்துவிட்டு அங்கே யாரும் இல்லை என்று எழுதிக்கொண்டு போய்விடக் கூடாது.

இப்படிக்கு,
வடசென்னைவாசி ஒருவன்