கேபிள் வாங்கும் முன்

அன்புள்ள முருகேசா,

உன் கடிதம் வந்து பத்து நாள் ஆகிவிட்டது. தாமதத்துக்குக் காரணம் சோம்பல் இல்லை, கண். போன மாதம் நெட்வொர்க் கேபிள்கள் வந்து சேரும் பலகையான ஒரு பேட்ச் பேனலில் ஆரஞ்சு வெள்ளைக் கம்பியையும் பழுப்பு வெள்ளைக் கம்பியையும் மாற்றிச் சொருகிவிட்டு, எங்கே தப்பு என்று ஒரு மணி நேரம் தேடினேன். இத்தனை வருடம் கண்ணை மூடிக்கொண்டு செய்த வேலை! இப்போது கண்ணாடியும் மாற்றியாயிற்று, நெற்றியில் விளக்கும் கட்டிக்கொள்கிறேன்.

சரி, உன் பட்டறை விஷயத்துக்கு வருகிறேன். கம்ப்யூட்டர் நெட்வொர்க்குக்கு எந்த வகைக் கேபிள், கேட் 7 வாங்கலாமா, கேட் 8 வாங்கலாமா என்று கேட்டிருக்கிறாய். இரண்டும் வேண்டாம். கேட் 8 தரவு மையங்களில் கருவிகளை அடுக்கும் பக்கத்துப் பக்கத்து ரேக்குகளை இணைப்பதற்கானது. விநாடிக்கு 25, 40 ஜிகாபிட் ஓடும், ஆனால் 30 மீட்டரோடு சரி. கேட் 7-க்கென்று வகுத்த கனெக்டரே வேறு. எல்லா நெட்வொர்க் கேபிளிலும் வரும் சாதாரண ஆர்ஜே45 முனையை மாட்டி விற்கிறார்கள் என்றால் நீ பெயருக்குத்தான் காசு கொடுக்கிறாய். அலுவலகப் பகுதிக்குக் கேட் 6ஏ போதும். 10 ஜிகாபிட்டை 100 மீட்டர் முழுக்கக் கொண்டுபோகும். அந்த 100-ல் சுவருக்குள் ஓடுவது 90 மீட்டர்தான், மிச்சம் இரண்டு முனையிலும் வரும் சின்ன இணைப்புக் கேபிள்களுக்கு, அதாவது பேட்ச் கார்டுகளுக்கு. ஒன்று, 6ஏ தடிமன் அதிகம். குழாயில் எத்தனை நுழையும் என்று ஒரு துண்டை வாங்கி வைத்துப் பார்த்துவிட்டு அப்புறம் குழாய் வாங்கு.

ஆனால் என்னைக் கேட்டால், பெட்டியின் மேல் இருக்கும் எண்ணைவிட உள்ளே இருக்கும் உலோகம்தான் முக்கியம். நான் பட்ட பாட்டைக் கேள். ஒரு இடத்தில் எட்டு கேமரா மாட்டினேன், மின்சாரமும் அதே கேபிளில். பகல் முழுக்கப் படம் பளிச்சென்று வரும். பொழுது சாய்ந்து கேமராவின் இரவு விளக்கு எரிந்ததும் கடைசிக் கேமரா அணைந்து திரும்ப எழும், மறுபடி அணையும். கேபிள்களெல்லாம் வந்து சேரும் நெட்வொர்க் ஸ்விட்சை மாற்றினேன், கேமராவை மாற்றினேன். நான்காம் நாள் எரிச்சலில் கேபிளை வெட்டி, ஒரு கம்பியை பிளேடால் சுரண்டினேன். செம்பு நிறம் தோல் போல உரிந்து உள்ளே வெள்ளி மாதிரி மின்னியது. அலுமினியத்தின் மேல் செம்பு பூசிய கம்பி! பெட்டியைத் திருப்பிப் பார்த்தால் ஒரு மூலையில் பொடி எழுத்தில் சிசிஏ (காப்பர் கிளாட் அலுமினியம்) என்று இருக்கிறது. விளக்கு கூடுதல் மின்சாரம் இழுத்ததும், அந்தக் கம்பியின் தடையில் வோல்ட் இறங்கி, கேமராவுக்குப் போதாமல் போயிருக்கிறது. எல்லாவற்றையும் உருவிவிட்டுப் புதிதாக இழுத்தேன், கைக்காசில்.

அதிலிருந்து பெட்டி வந்ததும் மல்டிமீட்டரை எடுத்துவிடுவேன். சுருளின் ஒரு முனையில் ஒரு ஜோடியின் இரண்டு கம்பியையும் முறுக்கிவிட்டு மறுமுனையில் தடையை அள. 305 மீட்டர் முழுப் பெட்டி 57 ஓமைத் தாண்டக் கூடாது. பூச்சுக் கம்பி என்றால், 24 கேஜ் தடிமனில் எண்பதை ஒட்டிக் காட்டும். கடைக்காரர் முகம் சுளித்தால் சுளிக்கட்டும்.

மெஷின் ஷெட்டுக்கு வேறு கணக்கு. மோட்டார் வேகத்தைக் கட்டுப்படுத்தும் டிரைவ்கள் மின் இரைச்சல் கிளப்பும், அவை இருக்கிற இடத்தில் உலோகக் கவசம் போட்ட கேபிள் வேண்டும், ஆனால் அந்தக் கவசத்தை ஒழுங்காக எர்த் செய்தால்தான் பலன். பவர் கேபிளோடு ஒட்டி ஓட்டாதே, குறுக்கே போயே ஆக வேண்டுமென்றால் நேர்க்குறுக்காகப் போ. முன்னும் பின்னும் நகர்கிறதே அந்த மெஷின், அதற்குச் சுவருக்குள் போடும் ஒற்றைக் கம்பிக் கேபிளைக் கொடுத்தால் சில மாதத்தில் உள்ளே முறிந்துவிடும். பல இழைக் கம்பியில், பாலியூரித்தேன் உறை போட்ட, மெஷினோடு நகரும் கேபிள் சங்கிலிக்கான டிராக் செயின் வகை என்று கேட்டு வாங்கு. எண்ணெய் படும் இடத்தில் சாதாரண பிவிசி உறை விறைத்துப் போகும்.

பின்பக்கக் கட்டடம் 140 மீட்டர் என்கிறாய். அங்கே செம்பே வேண்டாம். தூரம் மட்டும் காரணமில்லை, இரண்டு கட்டடத்தின் எர்த்தும் ஒரே மட்டத்தில் இருக்காது, இடி விழுந்தால் இரண்டு பக்கத்து ஸ்விட்சும் போகும். கண்ணாடி இழையில் ஒளியாகத் தகவல் போகும் ஃபைபர் கேபிள், அதில் சிங்கிள் மோட் வகை போடு. உள்ளே இரும்புக் கவசமோ கம்பியோ இல்லாத வகையாகப் பார், இல்லையென்றால் கண்ணாடி இழை போட்டதன் அர்த்தமே போய்விடும். தேவை இரண்டு இழை என்றாலும் பன்னிரண்டு இழையாக எடு. பள்ளம் தோண்டுகிற செலவு ஒன்றுதான்.

வேலை முடிந்ததும் எட்டு விளக்கு மினுக்கும் சின்ன டெஸ்டரைக் காட்டி "எல்லாம் ஓகே சார்" என்பார்கள். கம்பி அறுந்திருக்கிறதா, இடம் மாறியிருக்கிறதா என்பதற்கு மேல் அதற்கு ஒன்றும் தெரியாது. கேபிள் அதன் தரத்துக்கு ஒத்துவருகிறதா என்று அளக்கும் சர்டிஃபிகேஷன் டெஸ்டரில் ஒவ்வொரு இணைப்புக்கும் அறிக்கை கொடுத்தால்தான் கடைசித் தவணை என்று இப்போதே எழுதி வாங்கிக்கொள்.

ஷெட்டின் வரைபடத்தைப் பெரிதாக வரைந்து அனுப்பு. போன தடவை அனுப்பினாயே, அந்த எழுத்தெல்லாம் இந்தக் கண்ணுக்கு ஆகாது.

உன்,
ராமு