மண்ணெண்ணெய்ப் பம்ப் காற்றுக்குக் காசு வாங்குவது பற்றி மறுபடியும் ஒரு கோரிக்கை மனு

அளவை நிறுவைப் பரிசோதனைக்குப் பொறுப்பான அதிகாரி அவர்கட்கு,
மட்டக்களப்பு மாவட்டம்.

மதிப்புக்குரிய ஐயா,

பொருள்: சந்திப் பெற்றோல் செட்டின் மண்ணெண்ணெய்ப் பம்ப் – முன்னைய மனுக்களின் தொடர்ச்சி

எங்கள் கரையையும் அந்தச் செட்டையும் தங்களுக்கு அறிமுகம் செய்யத் தேவையில்லை. கல்முனை வீதியால் போய்வரும்போது தாங்களே அங்கே டீசல் அடித்ததைக் கண்டவர்கள் எங்களில் உண்டு. டீசல் பம்புக்கு ஒரு குறையும் இல்லை. குறை இருப்பது மதில் ஓரமாக நிற்கும் மண்ணெண்ணெய்ப் பம்பில். முன்பு எழுதியவற்றுக்குப் பதில் வராதபடியால் இம்முறை சற்று விளக்கமாகவே எழுதுகிறோம். நீளத்தைப் பொறுத்தருள வேண்டும்.

1. நாங்கள் என்ஜின் போட்டில் கடல் தொழில் செய்பவர்கள். பெற்றோலில் ஸ்டார்ட் செய்து மண்ணெண்ணெய்க்கு மாற்றி ஓட்டும் என்ஜின்கள் எங்களுடையவை. 2022 ஆகஸ்டில் மண்ணெண்ணெய் லீற்றர் 87 ரூபாயிலிருந்து 340 ரூபாய்க்கு ஏறிய நாளோடு, கேன் நிறைய வாங்கி வைக்கும் பழக்கம் போய்விட்டது. நேற்றைய மீன் காசுக்கு இன்றைய எண்ணெய். இரண்டு லீற்றர், மூன்று லீற்றர் என்றுதான் பலரும் வாங்குகிறோம்.

2. விடியப்புறம் பம்படியில் நடப்பது இது. எண்ணெய் அடித்துக் கொடுக்கும் தம்பி நொசிலைக் கேன் வாயில் வைக்கிறார், திரை பூச்சியத்தில் நிற்கிறது, விசையை அழுத்துகிறார். இலக்கம் ஓடுகிறது, கேனுக்குள் ஒன்றும் விழவில்லை. முதலில் 'புஸ்' என்று காற்று, பிறகு இருமினாற்போல இரண்டு துளி, அதற்குப் பிறகே எண்ணெய். அதற்குள் திரையில் கால் லீற்றருக்குக் கிட்ட ஓடிவிடும். இது அந்தத் தம்பியின் திருகுதாளம் இல்லை. பாவம், எங்களுடைய ஏச்சை வாங்குபவர் அவர்தான்.

3. இது ஏன் நடக்கிறது என்பதை, கட்டாரில் இதே பம்புகளைத் திருத்தும் வேலை செய்துவிட்டு வந்த எங்களூர்க்காரர் ஒருவர் விளங்கப்படுத்தினார். நிலத்தடித் தாங்கியிலிருந்து மோட்டார் எண்ணெயை இழுக்கிறது. எண்ணெயோடு வரும் காற்றை ஒரு சிறு அறை பிரித்து வெளியே விடுகிறது. அதன் பிறகு எண்ணெய் மீற்றருக்குள் போய் பிஸ்டன்களைத் தள்ள, அவை சுழற்றும் தண்டின் ஒவ்வொரு சுற்றும் திரையில் இலக்கமாகிறது. மீற்றரைத் தாண்டிய பிறகுதான் குழாய், குழாயின் முனையில்தான் நொசில். ஆகவே குழாய்க்குள் எப்போதும் எண்ணெய் நிறைந்திருக்க வேண்டும். அப்படி இருந்தால், மீற்றர் வழியாக ஒரு லீற்றர் உள்ளே போக, முனையால் ஒரு லீற்றர் வெளியே வரும். கணக்குச் சரி.

எங்கள் பம்பில் நொசிலின் வால்வு இறுக மூடுவதில்லை, அதனால் காற்று உள்ளே போகிறது. எண்ணெய் திரும்பி இறங்காமல் தடுக்க வேண்டிய கீழ் வால்வும் தேய்ந்துவிட்டதாம். பம்ப் சும்மா நிற்கும் நேரத்தில் குழாயிலுள்ள எண்ணெய் மெல்ல மெல்லத் தாங்கிக்கு இறங்கிவிடுகிறது. அடுத்தவர் வந்து அடிக்கும்போது வெறும் குழாயை நிரப்பும் எண்ணெயும் மீற்றரைத் தாண்டித்தானே வரவேண்டும்? அது அவர் கணக்கில் விழுகிறது. ஐயா, இதைக் கொஞ்சம் நின்று யோசியுங்கள். ஒருவர் காசு கொடுத்த எண்ணெய் இரவில் தாங்கிக்கு இறங்கி, விடிய மறுபடி எங்களுக்கே விலைக்கு வருகிறது!

4. நாலு மீற்றர் நீளமும் 16 மில்லிமீற்றர் உட்துவாரமும் உள்ள குழாய் கிட்டத்தட்ட 800 மில்லிலீற்றர் கொள்ளும். அதில் கால்வாசி இறங்கினாலே 200 மில்லிலீற்றர். நாற்பது லீற்றர் அடிப்பவருக்கு அது நூற்றுக்கு அரை, அவருக்குத் தெரியவும் மாட்டாது. இரண்டு லீற்றர் வாங்குபவருக்கு நூற்றுக்குப் பத்து. எங்களுக்கு வலிப்பது இந்த இடத்தில்தான். மீற்றர் பிழையென்றால் எல்லோருக்கும் ஒரே விகிதத்தில் அடிக்கும். இந்தப் பழுது கூட வாங்குபவரை விட்டுவிட்டு, குறைய வாங்குபவரைத் தேடிப் பிடிக்கிறது. ஒவ்வொரு நாளும் வாங்குபவருக்கு ஒவ்வொரு நாளும் விழுகிறது. ஒரு போத்தல் மண்ணெண்ணெய்க்கு வரும் கிழவிக்கு என்ன மிஞ்சும்? வாடைக் காலத்தில் கரைக்குத் திரும்பி வர எண்ணெய் பத்தாமல் துடுப்புப் போட்டவரிடம் போய் 'கொஞ்சம்தானே' என்று சொல்ல முடியுமா? 'எண்ணெய்க்குக் கணக்குப் போடத் தெரியாதா' என்று வீட்டிலும் அவருக்குத்தான் ஏச்சு.

5. 'ஈயமுத்திரை அறுபடவில்லை, பம்ப் சரி' என்று செட்டில் சொல்கிறார்கள். பரிசோதித்த பிறகு யாரும் கை வைக்காதபடி போடும் அந்த முத்திரை இருப்பது மீற்றரில். மீற்றரை நாங்களும் குறை சொல்லவில்லையே! தேய்ந்தது வால்வு. அதற்கு முத்திரையும் இல்லை, கேள்வியும் இல்லை.

இன்னொன்றும் சொல்ல வேண்டும். பத்துப் பதினொரு மணிக்கு, நாலு பேர் அடித்த பிறகு 5 லீற்றர் அளவைக் கலத்தோடு வந்து ஊற்றிப் பார்த்தால் ஒரு குறையும் தெரியாது. அந்த நேரம் குழாய் நிறைந்திருக்கும், கலம் கோட்டில் போய் நிற்கும், 'மனுவில் உண்மையில்லை' என்று எழுதிவிட்டுப் போகலாம். குழாயை நிரப்பிக் கொடுத்தவர் யார்? விடிய முதலாவதாக வந்தவர். அவருடைய காசில்தான் பம்ப் 'சரி' ஆகிறது.

6. வெயிலுக்கு எண்ணெய் விரியும் என்பது இன்னொரு சாட்டு. பத்துப் பாகை சூடு ஏறினாலும் இரண்டு லீற்றருக்கு 20 மில்லிலீற்றர் வித்தியாசம் வராது. தாங்கி நிலத்துக்குக் கீழே. விடியப்புறம் ஏது வெயில்?

7. பெற்றோல் பம்ப் ஒன்றின் நொசிலும் பழுது. முனையிலுள்ள சின்னத் துளையால் காற்று இழுபட்டுக்கொண்டே இருக்கும். வாகனத்தின் தாங்கி நிறைந்து பெற்றோல் அந்தத் துளையை மூடியதும், உள்ளே உறிஞ்சல் கூடி, மெல்லிய சவ்வொன்று இழுபட்டு விசை விடுபட வேண்டும். இங்கே விடுபடுவதில்லை, மோட்டார் சைக்கிளின் சுடு என்ஜினில் பெற்றோல் வழிகிறது. இதைப் பற்றி வேறாக எழுதுவோம்.

ஐயா, 1995ஆம் ஆண்டின் 35ஆம் இலக்க அளவீட்டு அலகுகள், நியமங்கள் மற்றும் சேவைகள் சட்டம் இருக்கிறது, அதிகாரமும் இருக்கிறது. யாரையும் தண்டிக்கச் சொல்லி நாங்கள் கேட்கவில்லை. செட்டைப் பூட்டினால் நாங்கள்தான் எண்ணெய்க்கு அலைய வேண்டும். பாதிக் காசு ஆட்டோவுக்கே போய்விடும். நாங்கள் கேட்பது இவ்வளவுதான்:

அ) முன்னறிவித்தல் இல்லாமல், விடிய முதலாவது கேன் அடிபடும் முன் வந்து, அந்த முதல் ஊற்றலையே அளவைக் கலத்தில் பிடித்துப் பாருங்கள். இரண்டாவது ஊற்றலையும் பிடியுங்கள். இரண்டுக்குமுள்ள வித்தியாசம்தான் எங்கள் மனு.

ஆ) இரண்டு வால்வையும் மாற்றுவிக்க வேண்டும்.

இ) மாற்றும் வரைக்கும், ஒவ்வொரு நாள் காலையும் செட் தன் சொந்தக் கணக்கில் குழாயை நிரப்பிய பிறகே விற்பனை தொடங்க வேண்டும் என்று ஒரு வரி எழுதிக் கொடுங்கள். ஒரு வரி போதும். அதற்கு எந்த உதிரிப்பாகமும் கொழும்பிலிருந்து வரத் தேவையில்லை.

விடியப்புறம் வருவது கஷ்டம் என்பது எங்களுக்கும் தெரியும், நாங்கள் தினமும் வருகிறோம். தயவுசெய்து ஒரு நாள் வாருங்கள் ஐயா. வர முடியாவிட்டால் வர முடியாது என்றாவது எழுதுங்கள், அந்தக் கடிதத்தை வைத்துக்கொண்டு மேலே போகிறோம்.

இங்ஙனம்,
கரையோரத் தொழிலாளர்கள்
(கையொப்பங்கள் தனித்தாளில்)

பிரதி: பிரதேச செயலாளர் அவர்கட்கு, தகவலுக்காக.