ஆளில்லாத களத்தில் கூத்து யாருக்கு?

அன்புள்ள ஆசிரியருக்கு,

பாலக்காட்டின் காவுகளில், அதாவது பகவதி கோயில்களில், திரையில் தோல்பாவைகளின் நிழலைக் காட்டி நடத்தும் தோல்பாவைக்கூத்து குறித்துத் தங்கள் வாசகர் பகுதியில் வரும் கடிதங்களைப் படித்து வருகிறோம். 'எதிரே ஒருவர்கூட இல்லாதபோது விடிய விடிய ஆடுவது எதற்கு? அரங்கத்துக்குக் கொண்டுவாருங்கள்' என்கிறது ஒரு தரப்பு. 'வழிபாட்டில் கை வைக்காதீர்கள்' என்கிறது மற்றொன்று. கலை என்று எதைச் சொல்கிறோம், கடவுளை எங்கே வைத்துப் பேசுகிறோம் என்று இருவருமே சொல்வதில்லை. அதனால் ஒருவர் கேட்பதற்கு மற்றவர் பதில் சொன்னதாகவே ஆகவில்லை.

கூத்துமாடம், அதாவது கூத்துக்கான மேடைக் கட்டடம், பகவதியின் சந்நிதியை நோக்கிக் கட்டப்படுவது. தாருகாசுரனோடு போரில் இருந்ததால் ராம ராவண யுத்தத்தைப் பார்க்க முடியாமல்போன பத்ரகாளிக்கு அதைக் காட்டவே கூத்து என்பது ஐதீகம். கடவுள் எதிரே அமர்ந்து கேட்கிறாள் என்று கொள்பவருக்கு, களம் காலியாக இருப்பது ஒரு பிரச்சினையே இல்லை. 7, 14, 21 என்று 71 இரவுகள் வரை போகும் கணக்கும் கூட்டத்தைப் பார்த்து வைத்ததல்ல. கோயில் வழக்கமும் நேர்த்திக்கடனும் சேர்ந்து வைத்தது. காண்பவரைச் சேர்ந்தால்தான் கலை என்பவருக்கோ அதே இரவுகள் விரயம். கடவுள் எங்கும் இருக்கிறார், அரங்கத்தில் ஆடினாலும் பக்திதான் என்பவர் மூன்றாமவர். இவரை இரு தரப்பும் தம் ஆள் என்று எண்ணிக்கொள்வதில்தான் பாதிக் குழப்பம்.

கலைத் தரப்புக்குள்ளேயே இன்னொரு பிளவு உண்டு. நமக்கு அதுவே முக்கியமாகப் படுகிறது. கூத்தின் உடல் கம்பனின் பாடல்கள், 2,000க்கும் மேல். புலவர் எனப்படும் கூத்துக் கலைஞர் பாட்டைச் சொல்லி, தமிழும் மலையாளமும் கலந்து உரை விரிப்பார். இலக்கணம், புராணம், தருக்கம் என்று ஒரே பாட்டு நெடுநேரம் ஓடும். அந்நேரம் பாவை திரையில் அசையாமல் நிற்கும். கலை என்றால் காட்சி என்பவருக்கு அது சலிப்பு. புலமை என்பவருக்கு அங்கேதான் கூத்தே நடக்கிறது. ஒரு மணி நேர மேடைக்குச் சுருக்கும்போது முதலில் வெட்டுப்படுவது உரை. மிஞ்சுவது போர்க்காட்சிகளும் மேளச் சத்தமும்.

காட்சியை மட்டும் எடுத்துக்கொண்டாலும் சுருக்குவது எளிதல்ல. 42 அடி மாடத்தில், வெள்ளைத் திரைக்குப் பின்னால் 21 தேங்காய் மூடிகளில் எண்ணெய் ஊற்றித் திரி ஏற்றுவார்கள். ஏறக்குறைய இரண்டடிக்கு ஒரு சுடர். பாவை எந்த ஓரத்துக்குப் போனாலும் நிழலின் அடர்த்தி குறையாது. அதற்குப் பதில் ஒற்றை பல்பு தொங்கவிட்டால் நடுவில் வெளிச்சம் திரண்டு ஓரத்துப் பாவை மங்கும், நிழலும் சாய்ந்து நீளும். சுடர் ஆடுவதால் நிற்கும் பாவைக்கும் ஓர் உயிர்ப்பு வரும். பல்பில் அது வராது. சிறிய மேடைக்குத் திரையைக் குறைப்பவர்கள் விளக்குகளுக்கு இடையே உள்ள தூரத்தையாவது மாற்றாமல் வைக்க வேண்டும்.

வெளிமேடையே தவறு என்று சொல்ல வரவில்லை. கிருஷ்ணன்குட்டிப் புலவர் கூத்தை மாடத்துக்கு வெளியே கொண்டுபோனார். அவர் மகன் ராமச்சந்திரப் புலவர் 2021இல் பத்மஸ்ரீ பெற்றார். காவில் இரவு முழுவதும் ஆடுவதும் வெளியே சுருக்கி ஆடுவதும் அந்தக் குடும்பத்தில் சேர்ந்தே நடக்கின்றன. மாடத்துக்குள் ஆண்கள் மட்டுமே ஆடிவந்த கூத்தைப் பெண்கள் குழு இப்போது வெளிமேடையில் ஆடுகிறது. கேட்பவர் யார் என்பதை இடத்துக்கு இடம் தெளிவாக வைத்திருப்பதால் அவர்களுக்கு இதில் சிக்கல் இல்லை.

ஆகவே கோயில் கமிட்டிகளும் விழா நடத்துபவர்களும் பேச உட்காரும்போது மூன்றை முதலில் எழுதி வைக்கட்டும்: இந்தக் கூத்து யார் கேட்க? பாட்டு, உரை, பாவை, விளக்கு இவற்றில் எதை விட்டால் கூத்து கூத்தாக இராது? செலவு யாருடையது? சுருக்கிய காட்சி என்றால் எந்தப் படலம், எத்தனை பாட்டு என்று நோட்டீசிலேயே போடட்டும்.

அதோடு, மூத்த புலவர்களின் உரையை இரவு முழுவதும் ஒலிப்பதிவு செய்யுங்கள். மைக்கைத் திரைக்கு வெளியே வைத்தால் உரை தெளிவாக விழாது. மாடத்துக்குள், உரை சொல்பவர் பக்கத்தில் வைக்க வேண்டும். பாவைகளைப் புதிதாக வெட்டிக்கொள்ளலாம். உரையில் பெரும்பகுதி புலவர்களின் நினைவில்தான் இருக்கிறது.

இப்படிக்கு,
தமிழ் வாசகர்கள் சிலர்,
கொழிஞ்சாம்பாறை, பாலக்காடு மாவட்டம்.