ஓகஸ்ட் 2 கண்காட்சிக்கும் இசை மாலைக்கும் உங்கள் பங்கு வேண்டும்

அன்பார்ந்த பெர்லின் வாழ் தமிழ் உறவுகளுக்கு வணக்கம்.

வருகிற ஓகஸ்ட் 2ஆம் திகதி, இந்த நகரத்து ரோமா, சின்ட்டி ("ஜிப்சி" என்று மற்றவர்கள் அழைத்த மக்கள்) குடும்பங்களோடு சேர்ந்து ஒரு கண்காட்சியும் இசை மாலையும் நடத்த இருக்கிறோம். ஏற்பாட்டுக் குழுவில் அவர்கள் இருக்கிறார்கள், நாம் இருக்கிறோம், சில ஜேர்மன் ஆசிரியர்களும் இருக்கிறார்கள். ஜேர்மன் மொழியில் வேண்டுகோள் தனியாகப் போயிருக்கிறது. இது நம்மவர்களுக்கு.

ஏன் அந்தத் திகதி என்று சிலர் கேட்டீர்கள். 1944 ஓகஸ்ட் 2 இரவு, போலந்தில் நாஜிகள் நடத்திய அவுஷ்விட்ஸ்-பிர்கனாவ் கொலை முகாமில், "ஜிப்சி முகாம்" என்று நாஜிகள் பெயரிட்ட பகுதியில் எஞ்சியிருந்த ஏறக்குறைய 4,300 பேரை விஷவாயு அறைகளில் கொன்றார்கள். பெரும்பாலும் பெண்கள், பிள்ளைகள், முதியவர்கள். உடம்பில் பலம் இருந்தவர்களை முன்பே வேறு முகாம்களுக்கு வேலைக்கு ஏற்றிவிட்டார்கள். அந்தப் பகுதியில் அடைக்கப்பட்ட சுமார் 23,000 பேரில் ஏறக்குறைய 21,000 பேர் அங்கேயே இறந்தார்கள். ஐரோப்பா முழுவதும் கொல்லப்பட்டவர்கள் 2 லட்சத்திலிருந்து 5 லட்சம் வரை இருக்கலாம் என்பது வரலாற்றாசிரியர்களின் கணிப்பு. காட்டோரங்களிலும் ஊருக்கு வெளியிலும் சுட்டுப் புதைக்கப்பட்டவர்களுக்குப் பதிவேடு ஏது?

இது எங்கோ போலந்தில் நடந்த கதை மட்டும் இல்லை. 1936 ஒலிம்பிக்குக்கு வெளிநாட்டார் வருவதற்குள் பெர்லினைச் "சுத்தம்" செய்கிறோம் என்று, ஜூலையில் ஒரே நாளில் இவர்களில் சுமார் 600 பேரைப் பிடித்து நகரத்தின் கிழக்கு ஓரத்து மார்சானில் ஒரு முகாமுக்குக் கொண்டுபோனார்கள். கழிவுநீர் பாயும் வயல்களுக்கும் ஒரு மயானத்துக்கும் பக்கத்தில் இருந்த இடம் அது. இன்று எஸ்-பான் ஏறினால் போய்விடலாம். அப்போது 9 வயதில் அங்கே தள்ளப்பட்ட ஒட்டோ ரோசன்பெர்க், பிறகு அவுஷ்விட்ஸ் போய், உயிர் தப்பி வந்து, பெர்லின் சின்ட்டி, ரோமா மக்களுக்காகக் கடைசிவரை பேசினார். அங்குள்ள சதுக்கத்துக்கு இப்போது அவர் பெயர். வானொலியில் நாம் கேட்கிற பாடகி மரியானே ரோசன்பெர்க் அவருடைய மகள்தான்.

போர் முடிந்த பிறகும் இவர்கள் அலைக்கழிக்கப்பட்டார்கள். 1940இல் இவர்களை நாடு கடத்தியது இனவெறியால் அல்ல, குற்றத் தடுப்புக்காகத்தான் என்று 1956இல் மேற்கு ஜேர்மனியின் உச்ச நீதிமன்றம் தீர்ப்புச் சொல்லி இழப்பீட்டை மறுத்தது. 1980 ஈஸ்டரில் நாஜிகளின் டாஹாவ் முகாம் இருந்த இடத்திலேயே சின்ட்டி மக்கள் உண்ணாவிரதம் இருந்தார்கள். உண்ணாவிரதம் இருந்து ஓர் அரசிடம் நீதி கேட்பது எப்படிப்பட்டது என்று நமக்கு யாரும் சொல்லித்தர வேண்டியதில்லை. 1982இல்தான் சான்சலர் ஹெல்முட் ஷ்மிட் அது இனப்படுகொலை என்று ஒப்புக்கொண்டார். நாடாளுமன்றத்துக்குப் பக்கத்தில் நினைவிடம் திறக்க 2012 ஆகிவிட்டது.

கண்காட்சியில் யோஹான் ட்ரோல்மனுக்கு ஒரு முழுச் சுவர் ஒதுக்கியிருக்கிறோம். சின்ட்டி குத்துச்சண்டை வீரர். 1933 ஜூனில் இதே பெர்லினில் ஜேர்மன் சாம்பியன் பட்டத்தை வென்றார். சில நாட்களிலேயே அதைப் பறித்தார்கள். அவருடைய கால் வேகத்தை "ஆட்டம்" என்று நாஜிப் பத்திரிகைகள் கேலி செய்தன. அடுத்த போட்டிக்கு அவர் தலைமுடியைப் பொன்னிறமாக்கி, உடம்பெல்லாம் மாவு பூசிக்கொண்டு வந்தார். நீங்கள் கேட்ட "ஆரியன்" இதோ என்று காட்டுவதுபோல, அசையாமல் நின்று அடி வாங்கி ஐந்தாவது சுற்றில் விழுந்தார். 1944இல் ஒரு முகாமில் அவரைக் கொன்றார்கள். பட்டத்தைக் குத்துச்சண்டைச் சங்கம் 2003இல் திருப்பிக் கொடுத்தது. பிள்ளைகளைக் கட்டாயம் இந்தச் சுவருக்கு முன்னால் நிறுத்துங்கள்.

அப்புறம் இசை. துக்க நாளில் பாட்டும் ஆட்டமுமா என்று நம்மவர்கள் பக்கத்திலிருந்துதான் தயக்கம் வந்தது. பிணக்குவியல் படங்களோடு மட்டும் தங்களைத் தெரிந்துகொண்டு யாரும் வீட்டுக்குப் போகக்கூடாது என்பதில் ரோமா உறுப்பினர்கள் உறுதியாக இருந்தார்கள். அது சரிதான். ஐரோப்பிய ஜாஸ் கிட்டாருக்குத் தனி வழி போட்ட ஜாங்கோ ரைன்ஹார்ட் ரோமா. தீயில் கருகி இடது கையில் இரண்டு விரல்கள் ஏறக்குறைய செயலிழந்த பிறகு வாசித்ததைத்தான் இன்றும் உலகம் கேட்கிறது. அந்த வழியில் வாசிக்கிற இளைஞர்கள் அன்று மேடை ஏறுகிறார்கள்.

இனி காசு விஷயம். மொத்தச் செலவு 6,800 யூரோ. இதில் 2,400 இசைக் கலைஞர்களுக்கு. "நல்ல காரியம்தானே, சும்மா வந்து வாசியுங்கள்" என்று இவர்களைக் கூப்பிடுகிற பழக்கம் நிறைய இடங்களில் இருக்கிறது. நாங்கள் அதைச் செய்யப் போவதில்லை, ஆகவே இந்தத் தொகையைக் குறைக்கச் சொல்லாதீர்கள். ஜேர்மன், ரோமானி, தமிழ் மூன்றிலும் பலகைகள் அச்சிடவும் படங்களுக்கு உரிமைத் தொகை கட்டவும் 1,900. மண்டபமும் ஒலியமைப்பும் 1,500. மிச்சம் 1,000, தமிழ்ப் பாடசாலைப் பிள்ளைகளை மார்சானுக்குக் கூட்டிக்கொண்டு போய்வரவும் சில்லறைச் செலவுகளுக்கும். சாப்பாடு செலவில் இல்லை, சமைக்க ஆட்கள் இருக்கிறார்கள்.

இதுவரை 2,700 சேர்ந்திருக்கிறது. இன்னும் 4,100 வேண்டும். ஐந்து யூரோவும் வாங்குவோம், வெட்கப்பட வேண்டாம். பணம் தர முடியாதவர்கள் பலகைகளின் தமிழ்ப் பிழை திருத்தலாம், கதிரை அடுக்கலாம்.

பணம் பதிவு செய்த பொதுநல அமைப்பின் கணக்குக்குத்தான் போகிறது. 300 யூரோ வரை வங்கிக் கூற்றே வரி அலுவலகத்துக்குப் போதும். அதற்கு மேல் கொடுப்பவர்களுக்குப் பற்றுச்சீட்டு அனுப்புவோம். கணக்கு இலக்கம் இந்தத் தாளோடு வரும் படிவத்தில் இருக்கிறது. பணம் மிஞ்சினால் பலகைகளை இன்னொரு பிரதி எடுத்து மற்ற நகரத் தமிழ்ப் பாடசாலைகளுக்கு இரவல் கொடுப்போம். வரவு செலவுக் கணக்கு செப்டம்பரில் எல்லோருக்கும் வரும்.

அச்சகத்துக்கு முற்பணம் கட்ட வேண்டியிருப்பதால் ஜூலை 10க்குள் அனுப்பினால் பெரிய உதவி.

ஏற்பாட்டுக் குழுவினர்,
பெர்லின்