ஆர்வம் இல்லாதவர்களா எங்கள் பிள்ளைகள்?

அன்புள்ள ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். கடந்த ஞாயிற்றுக்கிழமை உங்கள் பத்திரிகையில் சட்டக்கல்லூரி அனுமதி பற்றி வந்த கட்டுரையை இரண்டு தடவை வாசித்தேன். மட்டக்களப்பு, அம்பாறைப் பிள்ளைகளுக்குச் சட்டத்துறையில் ஆர்வம் குறைவு என்று அதில் ஒரு வரி. எழுதியவர் போகிற போக்கில் எழுதிவிட்டார். எனக்கு நாலு நாளாக நித்திரை இல்லை.

என் மகள் இப்போது கொழும்பு புதுக்கடையில் இருக்கிற இலங்கைச் சட்டக்கல்லூரியில் இறுதியாண்டு படிக்கிறாள். அவளுக்கு எட்டாம் வகுப்பிலிருந்தே சட்டத்தரணியாக வேண்டும் என்ற எண்ணம். சாதாரண தரத்தில் தாய்மொழியிலும் ஆங்கிலத்திலும் திறமைச் சித்தி, உயர்தரத்தில் மூன்று பாடம் சித்தி, அதற்குப் பிறகுதான் நுழைவுப் பரீட்சை என்பது உங்களுக்குத் தெரியும். அவள் படித்த பாடசாலையில் பத்தாம் ஆண்டில் எட்டு மாதம் ஆங்கிலத்துக்கு ஆசிரியர் இல்லை. மனைவியின் காப்பை அடகு வைத்துத்தான் கல்முனைக்கு ரியூசனுக்கு அனுப்பினோம். ஆங்கிலத்தில் திறமைச் சித்தி வந்த அன்று வீட்டில் எல்லோரும் அழுதோம்.

அப்புறம் விண்ணப்பம். அறிவித்தல் வந்திருக்கிறது என்று எங்களுக்குத் தெரியவந்தபோது முடிவுத் திகதிக்கு மூன்று நாள்தான் இருந்தது. நற்சான்றிதழில் கையெழுத்திட வேண்டியவர் லீவில். அந்த வருடம் அப்படியே போயிற்று. அடுத்த தடவை எழுதினாள், கிடைக்கவில்லை. கொழும்பில் பிள்ளைகள் மாதக்கணக்கில் வகுப்புக்குப் போய் எழுதுகிற பரீட்சைக்கு, என் மகள் யாரோ கொடுத்த போட்டோக்கொப்பியை வைத்துத் தனியாகப் படித்தாள். பரீட்சைக்கு முதல்நாள் இரவு பஸ்ஸில் ஏறி, விடியப்புறம் கோட்டையில் இறங்கி, முகம் கழுவ இடம் தேடி அலைந்தோம். மூன்றாம் முயற்சியில்தான் உள்ளே போனாள். இதற்குப் பெயர் ஆர்வக் குறைவா, ஐயா?

அவள் அந்தப் பரீட்சைக்குத் தயாரான காலத்தில்தான், சட்டக்கல்லூரியில் இனி எல்லாம் ஆங்கிலத்தில் மட்டும் என்று 2020 கடைசியில் வர்த்தமானி வந்தது. அரசியலமைப்பின் 18ஆவது உறுப்புரையில் தமிழும் அரச கரும மொழி என்று இருக்கிறது. 2023 மார்ச்சில் நாடாளுமன்றம் ஆங்கிலம் மட்டும் என்ற அந்த விதியைத் தோற்கடிக்கும் வரை பிள்ளை ஒவ்வொரு நாளும் வந்து, “அப்பா, நான் தொடர்ந்து படிக்கவா, விடவா?” என்று கேட்டாள். நான் என்ன சொல்ல? அப்போது நீங்களும் அதைப் பற்றி எழுதினீர்கள். அந்த நன்றியை மறக்கவில்லை. அதனால்தான் இந்த ஒரு வரி இன்னும் கூடுதலாக வலிக்கிறது.

எங்களுக்கு ஏன் எங்கள் ஊர்ச் சட்டத்தரணிகள் வேண்டும் என்பதையும் சொல்ல வேண்டும். சில வருடங்களுக்கு முன் என் மச்சானின் வயல் காணி விடயமாக ஓர் அலுவலகத்திலிருந்து சிங்களத்தில் மட்டும் கடிதம் வந்தது. அதை வாசிக்கச் சொல்லி ஊரில் மூன்று கடை ஏறி இறங்கினார். அப்புறம் வழக்கு என்று அம்பாறைக்குப் போனார். தன்னைப் பற்றித்தான் பேசுகிறார்கள் என்று தெரிந்தது, என்ன பேசுகிறார்கள் என்று தெரியவில்லை. கைகட்டி நின்றுவிட்டு வந்தார். அந்தக் காலத்தில் வழக்குப் பார்ப்பவர்களுக்குள் இருந்த பிரக்கிராசி, அப்புக்காத்து என்ற இரண்டு பிரிவும் ஒழிந்து எல்லோரும் சட்டத்தரணி ஆனது 1974இல். எங்கள் ஊர் வயதானவர்கள் இன்னும் பிரக்கிராசியார் என்றுதான் சொல்கிறார்கள். அந்த வார்த்தையை அவர்கள் சொல்லும்போது குரலில் ஒரு பயம் இருக்கும்.

மகளுக்கு இன்னும் பாதை முடியவில்லை. இறுதிப் பரீட்சை, ஒரு சட்டத்தரணியின் கீழ் ஆறு மாதப் பயிற்சி, அதன் பிறகு உயர் நீதிமன்றத்தில் சத்தியப்பிரமாணம். அந்த ஆறு மாதமும் சம்பளம் இல்லை. வெள்ளவத்தையில் அறை வாடகையை அதுவரை நான்தான் கட்ட வேண்டும். கட்டுவேன். ஆனால் கட்ட முடியாத தகப்பன்மார் எத்தனை பேர் என்று கட்டுரையாளர் ஒரு தடவை இங்கே வந்து கேட்டிருக்கலாம். களுவாஞ்சிகுடிக்கு வந்தால் என் வீட்டிலேயே சாப்பிடலாம்.

உங்களிடம் நான் கேட்பது ஒன்றுதான். நுழைவுப் பரீட்சைக்கான அறிவித்தல் வரும்போது, தகைமைகள், கட்டணம், முடிவுத் திகதி எல்லாவற்றையும் தமிழில், கண்ணில் படுகிற பக்கத்தில், கடைசி நாளுக்கு ஒரு மாதமாவது இருக்கும்போதே போடுங்கள். முதல் வருடம் எங்களுக்குக் கிடைக்காமல் போனது அந்த அறிவித்தல்தான்.

இப்படிக்கு,
ஒரு சட்ட மாணவியின் தகப்பன்,
களுவாஞ்சிகுடி.